கோடைக்கானலின் கண்ணாடிச் சூரியன்கள்

சென்ற ஆண்டு முதுகலை மாணவர்களை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் பயணமாகக் கோடைக்கானலுக்குச் சென்றிருந்தேன். ராஜம் ஐயர் பிறந்த வத்தலக்குண்டைக் கடந்து பேருந்து மலையேறத் தொடங்கியபோதே சாரலும் தொடங்கிவிட்டது. அன்றிரவு விடுதியை விட்டு வெளியே வர முடியாத மழை. மாணவர்களில் ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தார். சிதைந்த நகரமொன்றின் ஓர் அறை. அலமாரியில் கண்ணாடிக் குப்பிகள். அவற்றுள் அசையும் திரவம். இத்தனை நுணுக்கமான படத்தை நான் அதுவரை கணினி விளையாட்டில் கண்டதில்லை. வியந்து சொன்னேன். அவர் தலையசைத்தார்.

“இது தலையில கருவி மாட்டிக்கிட்டு விளையாடறதுக்குன்னே செஞ்சது ஐயா. இங்க சும்மா திரையில ஓடற மாதிரி மாத்தியிருக்காங்க. படம் தெளிவாத்தான் இருக்கு. ஆனா அந்த அறைக்குள்ள நான் இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. மறுநாள் காலை சூரிய ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் நின்றபோது அதற்கு வேறொரு பொருள் கிடைத்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். வாசக நண்பர்களில் பலர் என்னைப் போலவே இத்துறைக்கு அயலவராக இருக்கக்கூடும். மெய்நிகர் கருவி நம் இரு கண்களுக்கும் தனித்தனியே இரண்டு படங்களைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைப் படைத்துக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் உலகமும் உடன் திரும்ப வேண்டும்; இல்லையேல் தலை சுற்றும். ஆகவே நொடிக்கு 90 முறை என்ற அளவில் இரு படங்களையும் கணினி புதிதாக வரைந்தாக வேண்டும். இந்தச் சுமையைத் தாங்குவதற்காகப் படத்தின் நுணுக்கத்தைப் பல இடங்களில் குறைப்பார்கள். அதே விளையாட்டை மேசைக் கணினிக்குக் கொண்டுவரும்போது சுமை குறைகிறது. எனவே நிழலும் ஒளியும் பரப்பின் சொரசொரப்பும் கூடுதல் துல்லியம் பெற வழி பிறக்கிறது. 1993இல் அசையாப் படங்களாக வெளிவந்த ‘மிஸ்ட்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டு, 2020இல் தலைக்கருவிக்கென மீண்டும் உருவாக்கப்பட்டு, 2021இல் மேசைக் கணினிக்கு வந்தபோது படங்கள் மேலும் செறிவு பெற்றன. அந்த மாணவர் விளையாடியது 2020இல் வெளியான ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’. அது தலைக்கருவிக்காக மட்டுமே வெளியிடப்பட்டது. சாதாரணத் திரையில் ஆடத்தக்க வடிவத்தை ஆர்வலர்கள் தாமே உருவாக்கி 2023இல் வெளியிட்டார்கள்.

ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதை மொழிபெயர்ப்பு என்கிறோம். இதைக் கருவிபெயர்ப்பு என்று சொல்லலாம். மொழிபெயர்ப்பைப் போலவே இங்கும் சிலது கூடுகிறது, சிலது குறைகிறது. கூடியது உடனே கண்ணில் படுகிறது. குறைந்தது எது என்பது மூலத்தை அறிந்தவருக்கே தெரிகிறது. குப்பியைக் கையால் எடுத்து, திருப்பிப் பார்த்து, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று குனிந்து தேடியவருக்கு, விசையை அழுத்தி எடுக்கும் குப்பியில் கனமில்லை.

*

மறுநாள் காலையும் மூடுபனி விலகவில்லை. தொலைநோக்கி வழியே சூரியனின் நேரடி பிம்பத்தைக் காட்டும் ஏற்பாடு அந்த அருங்காட்சியகத்தில் உண்டு. அன்று சூரியன் வரவில்லை. பழைய படங்களைத்தான் பார்த்தோம். நூறாண்டுகளுக்கு முன் கண்ணாடித் தட்டுகளில் பிடிக்கப்பட்ட சூரியன்கள்.

இந்த ஆய்வகத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய வானாய்வகம், பின்னர் கம்பெனியின் பொறுப்பில் வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் பெற்றது. அங்கு நாட்டப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும், 1874இல் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டதும் அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில்தான். அறிவியல் தமிழின் வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தை நாம் இன்னும் அளிக்கவில்லை என்பதை இங்கே போகிற போக்கில் குறிப்பிடுகிறேன்.

விண்மீன்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களைச் சூரியன் பக்கம் திருப்பியதில் ஒரு பஞ்சத்திற்குப் பங்குண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் கும்மிகளும் சிந்துகளும் பாடி வைத்திருக்கின்றன. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை அப்போது ஐரோப்பியர் அறிந்திருந்தனர். அந்தச் சுழற்சிக்கும் சென்னை மாகாணத்தின் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1877இல் நார்மன் லாக்யரும் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும் எழுதினார்கள். அது உண்மையானால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமல்லவா? அந்த நம்பிக்கை அவர்கள் எண்ணிய எளிய வடிவில் நிறைவேறவில்லை. ஆயினும் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்ற முடிவு நிலைத்தது. ஆய்வக இயக்குநர் போக்சன் 1882இல் தென்னிந்திய மலையொன்றில் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டார். மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானத்தின் தெளிவை ஆராய்ந்தார். கோடைக்கானல் தேர்வாயிற்று. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். மோட்டார் சாலை இல்லாத காலம்; மலைக்கு வரவேண்டிய ஒவ்வொன்றும் மனிதத் தோள்களிலும் விலங்குகளின் முதுகிலும் ஏறித்தான் வந்தது. 1899இல் ஆய்வகம் இந்திய அரசின் கீழ் வந்தது. 1901இல் சூரிய நோக்கல் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரம்.

1904 முதல் அங்கே ஒரு தனிவகைக் கருவி இயங்கியது. சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, கால்சியம் அணு வெளிப்படுத்தும் ஒற்றை ஊதா நிறத்தை மட்டும் தட்டில் விழச்செய்வது அதன் வேலை. படம் ஒரே நொடியில் பதிவதில்லை. மெல்லிய பிளவொன்று சூரிய பிம்பத்தின் குறுக்கே மெதுவாக நகர, கோடு கோடாகச் சூரியன் தட்டில் எழுதப்படும். கணினித் திரை வரிவரியாகப் படம் வரைவதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்த மலையில் சூரியன் வரிவரியாக வரையப்பட்டது. தட்டில் விழுந்த வட்டத்தின் விட்டம் 60 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கருவியின் நகர்வில் சிறு தடுமாற்றம் நேர்ந்தால் அதுவும் கோடாகப் பதியும். கண்ணுக்குத் தெரியும் வெண்மை ஒளியில் எடுத்த படங்கள், ஹைட்ரஜனின் சிவப்பில் எடுத்த படங்கள், சூரியப்புள்ளிகளையும் தீப்பிழம்புகளையும் கையால் வரைந்த வண்ணப் பதிவுகள் என்று வேறு வரிசைகளும் சேர்ந்தன.

1907இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரி 5 அன்று சூரியப்புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் பாடநூல்கள் கூறுவது அதைத்தான். இலக்கிய வாசகர்கள் அவருடைய மனைவி மேரியையும் அறிந்திருக்க வேண்டும். சூரியப் பிழம்புகளைப் பற்றிக் கணவருடன் சேர்ந்து 1917இல் ஆய்வேடு வெளியிட்டவர். கோடைக்கானலில் வாழ்ந்த காலத்தில், 1914இல், தாந்தேயின் காவியத்தில் உள்ள வானியலைப் பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டவர். மலைவிளிம்பில் ஒரு வீடு; பகலில் சூரியப் பிழம்பு; இரவில் தாந்தே. பொறாமைப்படாமல் இருக்க முடியவில்லை.

பெயர் தெரிந்தவர்கள் இவர்கள். ஒவ்வொரு காலையும் மேகம் விலகக் காத்திருந்து தட்டை வைத்து எடுத்துக் கழுவி உலர்த்தி எண்ணிட்ட உதவியாளர்களின் பெயர்கள் வெளியே தெரிவதில்லை. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இந்த ஆய்வகத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அறியும்போது, நம் ஏடெழுதும் மரபே நினைவுக்கு வருகிறது.

*

சூரியன் ஒரு கோளம். தட்டு தட்டையானது. ஆழத்தைத் தட்டையாக்கும் இந்தச் சிக்கல் மெய்நிகர் விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த ஒன்றன்று. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரு கண்களுக்கு இரு படங்கள் காட்டி ஆழத்தை உண்டாக்கும் கருவியை விளக்கினார். அடுத்த இருபதாண்டுகளில் அது நம் ஊர்வரை வந்துவிட்டது: 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையை இரட்டைப் படங்களாக எடுத்தார். இங்கிலாந்தில் வாரன் டி லா ரூ, சூரியன் தன்னைத்தானே சுற்றுவதைப் பயன்படுத்தி, சிறிது நேர இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டிச் சூரியப்புள்ளிகளை ஆழத்துடன் பார்த்தார். நம் இரு கண்களின் இடைவெளி சூரியனுக்குப் போதாது. காலத்தையே இரண்டாவது கண்ணாக்கிக்கொண்டார் அவர். 2006இல் அமெரிக்கா இரு விண்கலங்களை ஏவி, ஒன்றைப் பூமிக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் செலுத்தி, சூரியனை முப்பரிமாணத்தில் காட்டியது இதே எண்ணத்தின் நீட்சி.

கோடைக்கானலின் தட்டுகளில் இந்த இரண்டாவது கண் வேறொரு விதத்தில் இருந்தது. நாளுக்கு ஒன்றாக நூறாண்டு அடுக்கியவை அவை. ஒரு தட்டு தட்டையானது. நூறாண்டுத் தட்டுகளின் வரிசைக்கு ஆழமுண்டு. ஆனால் அந்த ஆழத்தை எந்த மனிதரும் ஒருசேரப் பார்க்க முடியாது. அதற்குக் கணினி வேண்டியிருந்தது.

முதல் முயற்சி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. வணிகப் பயன்பாட்டிலிருந்த வருடுபொறியில், 8 பிட் அளவில் தட்டுகள் கணினிக்கு ஏற்றப்பட்டன. 8 பிட் என்றால் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகள். கண்ணுக்கு இது தாராளம். திரையில் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் வேதிப்பூச்சில் உறைந்த வெள்ளித் துகள்கள் அறிந்து வைத்திருந்த வேறுபாடுகள் 256க்குள் அடங்கவில்லை. மங்கிய பகுதிகளில் ஒன்றுக்கொன்று நுட்பமாக வேறுபட்டிருந்த இரண்டு சாம்பல் நிறங்கள் ஒரே எண்ணாகிவிட்டன. ஒன்றான பிறகு எந்தக் கணக்காலும் அவற்றை மீண்டும் பிரிக்க முடியாது.

எனவே இந்திய வான்இயற்பியல் நிறுவனம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு மீட்டர் விட்டமுள்ள, உட்புறம் ஒளியைச் சிதறடிக்கும் கோளம் ஒன்றை அமைத்து, தட்டின் எல்லாப் பகுதிக்கும் சமமான ஒளி கிடைக்கச் செய்தார்கள். குளிர்விக்கப்பட்ட ஒளியுணரிப் படக்கருவியால் 4096க்கு 4096 புள்ளிகளாக, அதாவது ஒரு படத்திற்கு ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் புள்ளிகளாகப் பதிவுசெய்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட், 65,536 படிகள். இப்புதிய பதிவுகளைக் கொண்டு, கால்சியம் ஒளியில் ஒளிரும் பகுதிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் நடு அகலக்கோடுகளிலிருந்து சூரியனின் நடுக்கோட்டை நோக்கி இறங்கிவரும் கோலத்தை நூறாண்டுக்கும் வரைந்து 2016இல் வெளியிட்டார்கள். வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாகச் சிறகு விரித்தாற்போன்ற வரைபடம் அது. எவர்ஷெட் தம் வாழ்நாளில் காண முடியாத காட்சி. ஆனால் அவர் காலத்துத் தட்டுகளுக்குள் இருந்த காட்சி.

இரண்டாவது பெயர்ப்பும் குறையற்றதன்று. பின்னர் ஆராய்ந்தவர்கள், சில படங்களில் நேரக்குறிப்பு பிழையாக இருப்பதையும், வட்டம் சற்றே நீள்வட்டமாகியிருப்பதையும், திசை மாறியிருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். வேறொரு சிக்கல் இன்னும் ஆழமானது. தட்டின் கருமை, அதில் விழுந்த ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. அதைக் கணக்கிட, அளவறிந்த ஒளியைத் தட்டின் ஓரத்தில் படிப்படியாகப் பதிக்கும் வழக்கம் உண்டு. முற்காலத் தட்டுகளில் அந்த அடையாளம் இல்லை. எத்தனை கோடிப் புள்ளிகளாகப் பிரித்தாலும், தட்டு தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைப் புள்ளிகள் சொல்லா. வேறு வழிகளில் ஊகித்து நிரப்ப வேண்டும்.

இங்கேதான் எனக்கு அந்த மாணவரின் சொல் விளங்கியது. படத்தின் தரம் என்பதைத் தெளிவு என்றே நாம் புரிந்துகொள்கிறோம். தெளிவு அதில் ஒரு பகுதிதான். ஒரு படம் எந்தக் கண்ணுக்காக, எந்தக் கேள்விக்காக, எந்த நிலையில் எடுக்கப்பட்டதோ அந்த உறவுகளும் அதன் தரத்தில் அடங்கும். பெயர்ப்பில் முதலில் உதிர்வன அவைதான்.

*

தமிழ் படித்தவனுக்கு இது புதிய பாடமன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டிருக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேற்றுமை தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். அதை அச்சுக்குப் பெயர்க்கும்போது ஒவ்வோர் எழுத்திலும் பதிப்பாசிரியர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அச்சு தெளிவானது, ஆனால் அந்தத் தெளிவு ஒருவருடைய தேர்வு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் அதற்குப் பின்னரும் பாடபேதங்களைத் தேடி அலைந்தது இதனால்தான். அவர் மறைவுக்குப் பின் 1943இல் நிறுவப்பட்ட அவர் பெயரிலான நூலகம் சுவடிகளை இன்றும் காத்து வருகிறது. அச்சில் வந்துவிட்டதே, ஓலை எதற்கு என்று அவர்கள் எண்ணியிருந்தால், அவர் எடுத்த முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பே நமக்கு இருந்திராது.

எல்லோரும் அப்படி எண்ணுவதில்லை. நான் முன்பு பணியாற்றிய கல்லூரி ஒன்றில், 1940கள், 50களின் வார மாத இதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றையெல்லாம் வருடிக் கணினியில் ஏற்றினார்கள். நல்ல காரியம் என்று நானும் மகிழ்ந்தேன். அந்தக் குழுவில் என் கையெழுத்தும் உண்டு. ஏற்றி முடித்ததும் இடப்பற்றாக்குறையைக் காட்டிக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஓராண்டு கழித்து மாணவி ஒருவரின் ஆய்வுக்காக அந்தக் கோப்புகளைத் திறந்தோம். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் கோப்பின் அளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சாம்பல் நிறமே இல்லாமல் கருப்பு, வெள்ளை என இரண்டே படிகளில் வருடியிருந்தார்கள். ஓவியங்கள் அனைத்தும் கரிப்பிசுக்கு. ஓரங்களில் யாரோ பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள், எங்கள் நினைவில் மட்டும் இருந்தவை, வெண்மையில் கரைந்துவிட்டன. மறுபடி வருடலாம் என்றால் எதை வருடுவது?

கோடைக்கானலில் 256 படிகள் போதாது என்று தெரிந்தபோது, திரும்பிச் செல்லத் தட்டுகள் இருந்தன. எங்களிடம் இல்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை. அந்தக் கண்ணாடியை எறியாமல் வைத்திருந்ததில் இருக்கிறது. ஒவ்வொரு பெயர்ப்பும் அதன் காலத்துக் கண்ணால் செய்யப்படுவது. அடுத்த காலத்துக்கு வேறு கண் வாய்க்கும். அது காண்பதற்கு மூலம் இருக்க வேண்டும். நாளைய கருவி ஒன்று அத்தட்டுகளில் எதைத் தேடும் என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது.

கால்சியம் ஒளியில் தட்டும் படத்தாளும் கொண்டு படமெடுக்கும் வழக்கம் 2007உடன் நின்றது. 2008 முதல் கோடைக்கானலின் சூரியன் நேரடியாக எண்களாகவே பிறக்கிறது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தில், இதே நிறுவனம் உருவாக்கிய கருவி விண்வெளியிலிருந்து சூரியனின் ஒளிவளையத்தைப் பார்க்கிறது. அவற்றுக்குத் தட்டு கிடையாது. மூலமும் படியும் ஒன்றேயான அந்த எண்களை எப்படிக் காப்பது என்பது வரும் தலைமுறையின் கேள்வி.

மதியத்துக்குப் பின் பனி சற்று விலகியது. அருங்காட்சியகத்திலிருந்து இறங்கும் வழியில், ஒரு மாணவி குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்டார். 2006, 2018, இனி 2030 என்றேன். சூரியனின் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டு. குறிஞ்சியின் சுழற்சி 12. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. இரண்டையும் அறிய ஒருவர் ஒரே இடத்தில் பல்லாண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே பொதுவானது.

முந்தைய இரவு விளையாடிய மாணவர் பேருந்தில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “அந்தத் தலைக்கருவி எங்க மாமா வீட்டுல இருக்கு ஐயா. பழசாயிடுச்சு, வித்துடலாம்னு சொல்றாங்க” என்றார். விற்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.